காத்து வண்டியும் மடங்காத விரலும்

1. கயிற்றோடு வந்த கை

அந்தக் கையைக் கயிற்றோடுதான் கொண்டு வந்தார்கள். நீல நைலான் கயிறு, உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்று. இரண்டு சுற்றுக்கும் நடுவே மோதிர விரல் மாட்டியிருந்தது. மிச்சக் கயிற்றை யாரோ கத்தியால் அறுத்திருந்தார்கள். கையில் இருந்ததைப் பிரிக்க மட்டும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. பிரித்தால் விரலும் கூடவே வந்துவிடுமோ என்று ஜீப்பில் வந்தவர்கள் பயந்திருக்கிறார்கள். அது நியாயமான பயம்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பு கூடிய பிறகு, தையல் பிரித்த பிறகு வேலையை ஆரம்பிக்கிற ஆள். ரத்தம் என் டிபார்ட்மெண்ட் இல்லை. ஆனால் குன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரி ரொம்பச் சின்னது. ஞாயிற்றுக்கிழமை கேஷுவாலிட்டியில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். ஆள் போதாவிட்டால் காரிடாரில் யார் போனாலும் கூப்பிட்டுவிடுவார்கள். அன்றைக்கு வார்டில் ஒரு பக்கவாத நோயாளியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நான் மாட்டினேன்.

டாக்டர் கயிற்றை வெட்டும்போது கை ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். அடிபட்டவர் கத்தவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மேடம், விரல் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அஞ்சுமா?"

"அஞ்சும் இருக்குது. நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

சொன்னபடி சுவரைப் பார்த்துக்கொண்டார். பெயர் லோகநாதன், எல்லோருக்கும் லோகு. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். முன்பு ஒரு டீ ஃபேக்டரியில் லோடு மேன். ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது கோத்தகிரிப் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் சேர்ந்திருந்தார். நான் சொன்னது பொய் இல்லை, ஐந்து விரலும் இருந்தன. விரல் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்று அப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கட்டுப் போட்டு, கோயமுத்தூரில் இருக்கிற கை சர்ஜனிடம் ஆம்புலன்ஸில் அனுப்பிவைத்தோம்.

2. மூட்டை இழுக்காது, பாய் இழுக்கும்

லேண்ட் செய்லிங் என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். மூன்று சக்கரம், தரையை ஒட்டி ஒரு சீட், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் பாய்மரத் துணி. இஞ்சின் கிடையாது. பிரேக் இருந்தாலும் பெயருக்குத்தான். பாயைக் கயிற்றால் இழுத்துப் பிடித்தால் காற்று தள்ளி வண்டி ஓடும். கயிற்றை விட்டால் பாய் தளர்ந்து வண்டி நின்றுவிடும். கடற்கரையிலும் பாலைவனத்திலும் ஓட்டுவதாம். இங்கே உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த ஒரு மேட்டை ஜேசிபி வைத்துச் சமன் செய்து, புல் வளர்த்து, ரிசார்ட்காரர்கள் அந்த வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் காத்து வண்டி.

முதல் சீசனிலேயே எனக்கு வேலை வந்துவிட்டது. கெஸ்ட்டுகள் இரண்டு விதமாக அடிபடுவார்கள். வண்டி சாயும்போது கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வது ஒன்று. வண்டி நிற்கவில்லையே என்று காலை வெளியே வைத்துக் கணுக்காலைத் திருப்பிக்கொள்வது இன்னொன்று. எல்லோரும் கட்டோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார்கள். அவர்களை மறுபடி நான் பார்த்ததே இல்லை.

அங்கே வேலை செய்கிறவர்களின் அடி வேறு மாதிரி. மணிக்கட்டும் இல்லை, கணுக்காலும் இல்லை, உள்ளங்கை. லோகுவுக்கு முன்பே இரண்டு பேர் கயிறு உரசித் தோல் உரிந்து வந்திருந்தார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அடி எப்படிப் பட்டது என்று கண்ணால் பார்க்காவிட்டால் மனசு ஆறாது. லோகு அடிபட்ட வாரமே ரிசார்ட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன்.

ஒரு மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. கிரவுண்டில் வேலை செய்த அத்தனை பேரும் பழைய லோடு மேன்கள். பச்சை இலை மூட்டைகளை லாரியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டும்போது, கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். சுற்றாவிட்டால் மழையில் நனைந்த கயிறு வழுக்கிவிடும். அந்த வேலைக்கு அது சரியான பிடி, ஏனென்றால் மூட்டை நம்மைத் திருப்பி இழுக்காது. பாய் இழுக்கும். வருடக் கணக்கில் மூட்டை கட்டிய கைக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

மேனேஜர் மரியாதையான ஆள். நல்ல ஜெர்கின், நல்ல சிரிப்பு.

"டெய்லி சேஃப்டி பிரீஃபிங் குடுக்கறோம் மேடம். ரோப்பைக் கையில சுத்தாதீங்கன்னுதான் முதல் ரூலே."

"யாருக்குக் குடுக்கறீங்க?"

"கெஸ்ட்டுக்கு."

"உங்க ஆளுங்களுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு மேடம்? அவங்களுக்குத் தெரியாத கயிறா?"

லோகுவுக்கு நடந்ததும் அங்கேதான் தெரிந்தது. சீட்டில் ஆள் உட்காருவதற்கு முன்பு பாயை விரிக்கக் கூடாது. ஆனால் விரித்த பாயோடு வண்டி நின்றால்தான் போட்டோ நன்றாக வருமாம். அதனால் ஒருவர் சக்கரத்துக்குக் காலை முட்டுக்கொடுத்து வண்டியை நிறுத்தி, பாய் விரிந்து நிற்கும்படி கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பார், குடும்பம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். ஜூன் மாதம், மழைக்கு முந்தின காற்று. காலி வண்டி கிளம்பிவிட்டது. லோகு கயிற்றை விட நினைத்தார். கயிறு அவரை விடவில்லை.

3. விரலைச் சுற்றி எட்டு மாதம்

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். விரலை மடக்குவது முன்கையில் இருக்கும் சதை. அதிலிருந்து விரல் நுனி வரை ஓடுவதை நாங்கள் டெண்டன் என்போம், நோயாளிகள் நரம்பு என்பார்கள். லோகுவின் மோதிர விரலில் அது அறுந்து உள்ளே சுருண்டிருந்தது. சர்ஜன் தேடிப் பிடித்துத் தைத்தார். தைத்த டெண்டனை ஆட்டாமல் வைத்தால் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் ஆட்டினால் தையல் அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதில் நோயாளியை நடத்திக் கூட்டிப் போவதுதான் எங்கள் பிழைப்பு.

விரலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் ஒன்றைச் செய்து மாட்டினேன். லோகுவின் மனைவி கலா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் அவர் பெயரில்தான். லீவு போட்டுவிட்டு முதல் நாள் கூடவே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கை மடங்குமுங்களா மேடம்?"

"மடக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மடங்கினாப் போதுமுங்க. ஒரு பக்கெட்டு, ஒரு மம்மட்டி, ஒரு மூட்டை. புடிச்சா நிக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார். கலா கேட்டது நியாயமான அளவுதான். அதைத்தான் நானும் மனதில் குறித்துக்கொண்டேன்.

காயத்தில் சீழ் வைத்தது. சீழ் வைத்தால் எக்சர்சைஸை நிறுத்தத்தான் வேண்டும். காயம் ஆறுவதற்குள் விரல் அடிப்பிடித்த பால் மாதிரி உள்ளே ஒட்டிவிட்டது. நேராக நிற்கும், மடங்காது. மெழுகு உருக்கி அதில் கையை முக்கி, சூடு ஆறுவதற்குள் மடக்கிப் பார்ப்போம். மார்கழிப் பனியில் அந்தச் சூடு வாசலைத் தாண்டுவதற்குள் போய்விடும். சர்ஜன் மறுபடி திறந்து ஒட்டியதைப் பிரித்துவிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

லோகுவுக்கு வாய் மட்டும் குறையவில்லை. "என் விரல் பெரிய ஆபீசராயிடுச்சுங்க மேடம். மத்தவங்க குனிஞ்சு வேலை செய்யறாங்க, அது மட்டும் நிமுந்து நின்னு பாக்குது" என்பார். பக்கத்துப் பெட்டில் முழங்கால் வலிக்கு வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஆபீசர் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. நீங்களே செய்து பாருங்கள். வலது கையின் மோதிர விரலை இடது கையால் நேராக இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களை இறுக்கி மடக்குங்கள். நடுவிரலும் சுண்டுவிரலும் பாதியில் நின்றுவிடும். மூன்றையும் இழுக்கிற சதை முன்கையில் ஒன்றோடொன்று பிணைந்தது. ஒன்று நகராவிட்டால் மற்றவையும் முழுதாக வராது. லோகுவின் கையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. பக்கெட்டின் பிடியில் விரல்கள் போய்ச் சேரும், இறுகாது. தூக்கினால் நழுவிவிடும்.

4. வேலை இப்ப, கை அப்புறம்

பிப்ரவரியில் சர்ஜன் சொல்லிவிட்டார். மோதிர விரலை எடுத்துவிடலாம். எடுத்தால் நடுவிரலும் சுண்டுவிரலும் விடுபடும், கை வேலைக்கு ஆகும். நான் சொல்லவேண்டிய விதத்தில் லோகுவுக்கும் கலாவுக்கும் எடுத்துச் சொன்னேன். கலா உடனே தலையாட்டினார். லோகு ஆட்டவில்லை.

"வேண்டாமுங்க மேடம். விரல் இருக்கட்டும்."

"எதுக்கு? மோதிரம் போடப் போறீங்களா?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் வரச் சொல்லிப் பேசியிருக்கிறார். கிரவுண்டு வேலை இனி ஆகாது, ஆனால் சீசனுக்கு ரிசப்ஷன் வாசலில் நிற்க ஓர் ஆள் வேண்டும். கோட்டு, தொப்பி எல்லாம் அவர்களே தருவார்கள். வருகிறவர்களுக்கு சல்யூட் அடிக்கவேண்டும், கார்க் கதவைத் திறக்கவேண்டும்.

"அஞ்சு விரலும் இருந்தாத்தான் அந்த வேலைங்க. விரல் இல்லாட்டி கெஸ்ட்டு பாத்துட்டு, என்னாச்சு, எங்க ஆச்சுன்னு கேப்பாங்களாமா."

அந்த விரலைக் கெடுத்தது அவர்களுடைய வண்டி. இப்போது அந்தக் கெட்ட விரல் இருந்தால்தான் அவர்களுடைய வாசலில் வேலை.

"லோகு, நல்லாக் கேட்டுக்கோங்க. இப்ப எடுத்தா மத்த விரலு மடங்கும். தள்ளிப் போட்டா அதுங்களோட மூட்டும் இறுகிப் போயிரும். அப்புறம் எடுத்தாலும் பாதிதான் கெடைக்கும்."

"புரியுதுங்க. வேலை இப்ப இருக்குதுங்க மேடம். கை அப்புறம்."

கலா வெளியே வந்து காரிடாரில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இலைக் கறை ஏறிய, காய்ப்புக் காய்த்த கை. "ஜமீலா மேடம், விரல் போனாப் போகட்டும், எனக்குக் கை வேணுமுங்க. நான் சொன்னா, பொம்பள சம்பாத்தியத்துல ஒக்காந்து தின்னச் சொல்றியாங்கறாரு. நீங்க அங்க போய் ஒரு வார்த்தை பேசுங்க."

போனேன். என் அத்தாவுக்கு ஊட்டி பஜாரில் செருப்புக் கடை. பேரம் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்த தைரியத்தில் போனேன்.

"விரல எடுத்துட்டு வரட்டும், அவருக்குத் தோட்டத்துல ஒரு வேலை குடுங்க. கிச்சன்ல குடுங்க. கை நல்லாப் புடிக்கும், நான் பொறுப்பு" என்றேன்.

"தோட்டத்துல ஆள் ஃபுல் மேடம்."

"அப்ப அதே வாசல்ல நிக்கட்டும். நாலு விரலால கதவு தொறக்காதா?"

"நான் லோகுவோட நல்லதுக்குத்தான் சொன்னேன் மேடம். அவரு எங்க ஃபேமிலி மாதிரி. ஆனா ஒரு அட்வென்ச்சர் ரிசார்ட் வாசல்ல விரல் இல்லாத ஆள் நின்னா, வர்றவங்க என்ன நெனைப்பாங்க சொல்லுங்க?"

"உள்ளதை நெனைப்பாங்க."

அவர் கோபப்படவில்லை. எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். கோபப்படுகிறவரோடு சண்டை போடலாம். சிரித்துக்கொண்டே டீ சொல்கிறவரை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

5. சல்யூட்

மே மாதம் என் நாத்தனார் குடும்பம் திருப்பூரிலிருந்து வந்து, போயும் போயும் அதே ரிசார்ட்டில் தங்கினார்கள். அவர்களைப் பார்க்கப் போனபோது வாசலில் லோகு நின்றுகொண்டிருந்தார். மெரூன் கலர் கோட்டு, பித்தளைப் பட்டன், தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. என்னைக் கண்டதும் ஒரு சல்யூட் அடித்தார்.

நான் கையைத்தான் பார்த்தேன். சல்யூட்டுக்கு விரல் மடங்கவேண்டிய தேவையே இல்லை. எல்லா விரலும் விறைப்பாக, நேராக. அவ்வளவு கச்சிதமான சல்யூட்டை நான் பார்த்ததில்லை. ஒரு குழந்தை அவர் பக்கத்தில் நின்று அதே மாதிரி சல்யூட் வைக்க, அதன் அப்பா செல்போனில் படம் எடுத்தார்.

அடுத்து ஒரு கார் வந்தது. கதவை இடது கையால் திறந்தார். சூட்கேஸை இடது கையால் எடுத்தார். இன்னொரு பையின் வாரை வலது முழங்கைக்குள் மாட்டிக்கொண்டு நடந்தார். கோட்டுக் கையின் மடிப்பில், அந்தக் கை பிடிக்காதது யாருக்கும் தெரியவில்லை.

"எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்டேன். மார்ச்சிலிருந்து அவர் என்னிடம் வரவில்லை.

"காலையில ஏழு மணிக்கு நிக்கணுமுங்க மேடம். போறப்ப இருட்டிடுது."

"அந்தக் கையைக் காட்டுங்க."

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நீட்டினார். நடுவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் தடித்து இறுகத் தொடங்கியிருந்தன. நான் மடக்கிப் பார்த்தபோது வலித்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிடத்துக்குப் பின்னால் காத்து வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எனக்கு அப்போது வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். லோகு மேல், மேனேஜர் மேல், படம் எடுத்துக்கொண்டிருந்த அந்த அப்பா மேல், எல்லோர் மேலும்.

6. அரை பக்கெட்

மழை பிடித்ததும் ரிசார்ட்டில் பாதிப் பேரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த சீசனுக்குக் கூப்பிடுகிறோம் என்று லோகுவிடமும் சொன்னார்கள். கோட்டையும் தொப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து அவராகவே என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"எடுத்துடலாமுங்க" என்றார்.

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. சர்ஜனுக்குப் போன் போட்டுத் தேதி வாங்கினேன்.

விரலை எடுத்தார்கள். காயம் ஆறியதும் என் பங்கு. அதற்குப் பிறகு லோகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. மழையில் நனைந்து வருவார், மெழுகில் கையை முக்குவார், கண்ணீர் வர வர மடக்கிக்கொள்வார். ஆபீசர் கதையை மட்டும் மறுபடி சொல்லவில்லை. அறையில் யாரும் கேட்கவும் இல்லை. விடுபடவேண்டியது விடுபட்டது, ஆனால் அதற்குள் இறுகிவிட்ட மூட்டு இறுகியதுதான். ஸ்பிளிண்ட், ஊசி, என் பலம், அவர் பொறுமை, எல்லாம் சேர்ந்தும் அதற்கு மேல் நகரவில்லை.

கடைசி நாள் கலாவையும் வரச் சொல்லியிருந்தேன். எங்கள் டிபார்ட்மெண்டில் மிஷினில் அளப்பதோடு விடமாட்டோம். வீட்டுச் சாமானை வைத்தும் பார்ப்போம். பக்கெட்டில் பாதித் தண்ணீர் வைத்தேன். லோகு வலது கையால் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார், சிந்தவில்லை. முழுதாக நிரப்பினேன். தூக்கினார், இரண்டடி வைப்பதற்குள் பிடி வழுக்கியது. கலா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். தரையெல்லாம் தண்ணீர். துடைக்கத் துணி தேடினேன்.

லோகு நின்ற இடத்திலேயே நின்று கேட்டார். "ஏனுங்க மேடம், நீங்க சொன்னப்பவே எடுத்திருந்தா?"

சீழ் வைத்த கை, யாராலும் எதையும் சொல்ல முடியாது என்று மழுப்பியிருக்கலாம். அந்த மழுப்பலில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழு பக்கெட்டும் தூக்கியிருப்பீங்க."

"மூட்டை?"

"அநேகமா மூட்டையும்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். கலா குனிந்து தரையைத் துடைத்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை. துணியைப் பிழிந்து போட்டுவிட்டுச் சொன்னார்.

"பொய் சொல்லியிருக்கலாமுங்க மேடம். ராத்திரி அவரு கூட இருக்கறவ நானு."

லோகு இப்போது வீட்டில் இருக்கிறார். சோறாக்குகிறார், கோழி வளர்க்கிறார், யாராவது அரை நாள் வேலைக்குக் கூப்பிட்டால் போகிறார். கலா வழக்கம் போல் கொழுந்துக்குப் போகிறார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கை நோயாளியுடையதாக இருக்கும். அது என்ன செய்யவேண்டும், எப்படித் தெரியவேண்டும் என்று இன்னொருவர் தீர்மானித்து வைத்திருப்பார். அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அவர் யார் என்று முதல் வாரமே விசாரித்து, நேரில் போய்ப் பேசுங்கள். நான் போனேன், பேசினேன், பேரமும் பேசிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் போங்கள்.